சிலம்ப வகுப்புக்கு ஆள் எடுக்கும் முன்

பாளையங்கோட்டையில் பிள்ளைகளுக்குச் சிலம்பம் சொல்லிக்கொடுக்கிறேன். உதவிக்கு ஆள் கேட்டால், "நம்ம பையன்தான் அண்ணாச்சி, தங்கமானவன்" என்று யாராவது கூட்டிவருவார்கள். சரி, தங்கத்தையும் உரசிப் பார்த்துத்தானே வாங்குகிறோம்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 2020 விதிகளின்படி, பள்ளி, காப்பகம், விளையாட்டுப் பயிற்சிக்கூடம் என்று குழந்தைகள் புழங்கும் இடங்களில் எல்லா ஊழியருக்கும் போலீஸ் சரிபார்ப்பு கட்டாயம். ஒப்பந்த ஆளுக்கும் விலக்கில்லை. ஒருமுறையோடு விடாமல் அவ்வப்போது திரும்பப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஆதார் முகவரியை மட்டும் நம்பாதீர்கள். மேலப்பாளையத்தில் குடியிருப்பவருக்கு ஆதார் சங்கரன்கோவிலில் இருக்கும்; நடுவில் திருப்பூரில் வேலை பார்த்திருப்பார். எல்லா ஊரையும் எழுதி வாங்குங்கள். அப்புறம், பழைய முதலாளிக்கு ஒரு போன்.

ஊழியர்மேல் பாலியல் புகார் வந்தால், 'பேசித் தீர்ப்போம்' என்று அமுக்கக் கூடாது. போலீசுக்குச் சொல்லாத பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு.