பருவகால அலர்ஜி: டெஸ்ட் எடுக்கலாமா, வேண்டாமா?

வருஷா வருஷம் அதே மாதங்களில் அடுக்குத் தும்மல், கண்ணிலும் மூக்கிலும் அரிப்பு, தண்ணீராக ஒழுகும் மூக்கு. ஆனால் காய்ச்சல் இல்லை. இப்படி இருந்தால் அது அலர்ஜிதான் என்று சொல்லப் பெரும்பாலும் டெஸ்ட் தேவைப்படாது. சாதாரணச் சளி ஒரு வாரம், பத்து நாளில் தெளியும். அலர்ஜி வாரக்கணக்கில் இழுக்கும், அரிப்பும் விடாது.

எதனால் வருகிறது என்று தெரிந்தால் உங்கள் சிகிச்சையில் ஏதாவது மாறுமா? முதலில் இதைத்தான் யோசிக்க வேண்டும். எந்த மகரந்தமாக இருந்தாலும் தொடக்க மருந்து ஒன்றுதான்: ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரே, அல்லது செட்ரிசின் போன்ற அலர்ஜி மாத்திரை. அதில் அடங்கிவிட்டால் டெஸ்டை விட்டுவிடலாம்.

ஸ்ப்ரே "வேலை செய்யவில்லை" என்பவர்களில் பலர் இரண்டே நாளில் நிறுத்தியவர்கள். முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும், தினமும் அடிக்க வேண்டும். தலையைச் சற்றுக் குனிந்து, வலது மூக்குக்கு இடது கையாலும் இடது மூக்குக்கு வலது கையாலும், முனை காதுப்பக்கம் பார்க்கும்படி அடியுங்கள். நடுச்சுவரில் அடித்தால் புண்ணாகி ரத்தம் வரும், மருந்தும் போக வேண்டிய இடத்துக்குப் போகாது.

முறையாக இரண்டு முதல் நான்கு வாரம் மருந்து எடுத்தும் அடங்கவில்லையா? வீசிங், ஆஸ்துமா கூடவே இருக்கிறதா? வருஷம் முழுக்கத் தொல்லை இருப்பதால் தூசுப்பூச்சியா, வளர்ப்புப் பிராணியா, மகரந்தமா என்று பிரிக்க முடியவில்லையா? இம்யூனோதெரபி (அலர்ஜி தரும் பொருளையே சிறிது சிறிதாகக் கொடுத்து உடம்பைப் பழக்கும் சிகிச்சை) தொடங்க எண்ணமா? அப்போது டெஸ்ட் எடுப்பது நியாயம். முக்கியமாக இம்யூனோதெரபி: மூன்றிலிருந்து ஐந்து வருஷம் ஓடும் அந்தச் சிகிச்சையை, எதற்கு அலர்ஜி என்று உறுதி செய்யாமல் தொடங்கவே கூடாது.

போவதற்கு முன் சில வாரம் குறிப்பு எழுதுங்கள்: தேதி, இடம், எந்த நேரம், தொல்லை 0 முதல் 3 வரை எவ்வளவு, என்ன மருந்து. டெஸ்ட் முடிவுக்கு அர்த்தம் தருவதே இந்தக் குறிப்புதான்.

வழக்கமாக முதலில் செய்வது ஸ்கின் ப்ரிக் டெஸ்ட். முன்கையிலோ முதுகிலோ, சந்தேகப்படும் பொருள்களின் சாற்றுச் சொட்டுகள் வைத்து, ஒவ்வொன்றின் வழியாகவும் தோலின் மேற்பரப்பில் லேசாகக் குத்தி, 15–20 நிமிடம் கழித்துத் தடிப்பை அளப்பார்கள். கூடவே ஒப்பிடுவதற்காக, தோலைத் தடிக்க வைக்கும் ஹிஸ்டமின் சொட்டு ஒன்றும், தடிக்க வைக்காத உப்புநீர்ச் சொட்டு ஒன்றும் இருக்கும். உப்புநீர்த் தடிப்பைவிட 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெரிதாக இருந்தால் பாசிட்டிவ். ஹிஸ்டமினே தடிக்கவில்லை என்றால் அலர்ஜி மாத்திரை இன்னும் உடம்பில் இருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அன்றைய "நெகட்டிவ்" எதையும் நம்ப முடியாது. அதனால் மாத்திரையை ஏறத்தாழ ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். சளி, இருமல், தூக்க மருந்துகள் பலவற்றிலும் இதே வகை மருந்து கலந்திருக்கும், பலரும் கோட்டை விடுவது அங்கேதான். ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரேவை நிறுத்த வேண்டாம். அமிட்ரிப்டிலின் போன்ற மனச்சோர்வு மருந்துகளும் தடிப்பை அடக்கும். பீட்டா பிளாக்கர் (ரத்த அழுத்தம், இதயநோய்க்கான ஒரு வகை மருந்து) எடுப்பவருக்குக் கடும் ரியாக்‌ஷன் வந்தால் சமாளிப்பது சிரமம். இவற்றை டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மாத்திரையை நிறுத்த முடியாதவர்கள், டெஸ்ட் செய்யும் இடத்தில் கடும் எக்ஸிமா (அரிப்புள்ள தோல் அழற்சி) உள்ளவர்கள், தொட்டாலே தடிக்கும் தோல்காரர்கள், கர்ப்பிணிகள், ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதவர்கள் ஆகியோருக்கு ரத்த டெஸ்ட் பொருந்தும். குறிப்பிட்ட பொருளுக்கான ஐஜிஇ (IgE, அலர்ஜிக்குக் காரணமான எதிர்ப்புப் புரதம்) பார்க்கச் சொல்லுங்கள். மொத்த ஐஜிஇ மட்டும் எதையும் சுட்டிக்காட்டாது. ஐஜிஜி (IgG, வேறு வகை எதிர்ப்புப் புரதம்) டெஸ்டுக்குப் பணம் கொடுக்கவே வேண்டாம், அது அலர்ஜியைக் காட்டும் டெஸ்டே அல்ல. டஜன் கணக்கில் பொருள்களைச் சேர்த்த பேக்கேஜும் வேண்டாம். எத்தனைக்கு எத்தனை பார்க்கிறீர்களோ, அத்தனைக்கு அத்தனை பொருத்தமில்லாத பாசிட்டிவ் வரும். பாசிட்டிவ் என்றால் உடம்பு அதை அடையாளம் காண்கிறது என்று மட்டுமே பொருள். அந்த மகரந்தம் பறக்கும் மாதமும் உங்கள் குறிப்பில் தொல்லை ஏறும் மாதமும் ஒத்துப்போனால்தான் அது அலர்ஜி.

எல்லாம் நெகட்டிவ், தொல்லை மட்டும் நிஜம் என்றால் புகை, வாசனை, குளிர்காற்று போன்றவற்றால் வரும் அலர்ஜியில்லாத மூக்கழற்சியாக இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் அடைப்பு, ரத்தம் கலந்த சளி, வாசனையே தெரியாமல் போவது ஆகியவை இருந்தால் அலர்ஜி டெஸ்டுக்குக் காத்திருக்காமல் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள்.