முன்தோல் பராமரிப்பு: கழுவுவது முதல் டாக்டரிடம் சொல்வது வரை

இரண்டு வருடத்துக்கு முன்னால் என் முன்தோலின் ஓரத்தில் கீறல்கள் வர ஆரம்பித்தன. பிளேடால் கோடு போட்டதுபோல, சுற்றிலும் நாலைந்து. சிறுநீர் பட்டால் எரியும். மெடிக்கலில் கேட்டேன், ஒரு டியூப் கொடுத்தார்கள். நாலு நாள் அடங்கும், மறுபடி வரும். மூன்று டியூப் தீர்ந்த பிறகுதான் தோல் டாக்டரிடம் போனேன். பார்த்துவிட்டு அவர் முதலில் எழுதியது களிம்பு இல்லை, சுகர் டெஸ்ட். வெறும் வயிற்றில் 214 இருந்தது.

நான் கூச்சத்தில் வீணாக்கிய அந்த மூன்று மாதம் உங்களுக்கும் வீணாகக் கூடாது. அதற்காகத்தான் இந்தப் பதிவு.

1. தினமும் கழுவுங்கள்

குளிக்கும்போது வலிக்காத அளவுக்கு முன்தோலை மெதுவாகப் பின்னால் தள்ளுங்கள். மொட்டுக்கு, அதாவது ஆண்குறியின் நுனிக்கு, கீழே உள்ள பள்ளத்தில் வெள்ளையாக மாவு மாதிரி கொஞ்சம் படிந்திருக்கும். உதிர்ந்த தோலும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்தது அது. நோய் இல்லை. வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு விரலால் தடவினாலே போய்விடும். உள்பக்கம் வாசனை சோப்பு வேண்டாம், கிருமிநாசினி வேண்டவே வேண்டாம். தேய்த்துத் தேய்த்தே புண்ணாக்கிக்கொள்கிறவர்கள் உண்டு. பிறகு துண்டால் ஒற்றி ஈரத்தை எடுங்கள்.

2. தோலை முன்னால் கொண்டுவாருங்கள்

இதை மறந்தால்தான் ஆபத்து. பின்னாலேயே நின்றுவிட்ட தோல் ரப்பர் வளையம் போல இறுக்கும். மொட்டு வீங்கும், வீங்க வீங்கத் தோல் திரும்பி வராது. பாராஃபிமோசிஸ் என்பார்கள். மொட்டை விரல்களால் சுற்றிப் பிடித்து ஐந்து நிமிடம் மெதுவாக, விடாமல் அழுத்துங்கள். வீக்கம் வடிந்தால் தோல் நகரும். நகரவில்லையா? விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். ரத்த ஓட்டம் தடைபட்டுத் திசு அழுகிவிடலாம்.

வீட்டில் அப்பாவோ தாத்தாவோ சிறுநீர்க் குழாயோடு படுக்கையில் இருந்தால், துடைத்துவிட்ட ஒவ்வொரு முறையும் தோல் முன்னால் வந்துவிட்டதா என்று பாருங்கள். வலியைச் சொல்ல முடியாத நிலையில் அவர்கள் இருக்கலாம்.

3. பின்னால் போகவில்லையென்றால் இழுக்காதீர்கள்

சிறுவர்களுக்குத் தோல் ஒட்டியிருப்பது இயல்பு. குளிப்பாட்டும்போது பின்னால் தள்ளிவிடும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது, தயவுசெய்து நிறுத்துங்கள். வளர வளரத் தானாகவே விலகும். வளர்ந்தவர்களுக்கு இறுக்கமாக இருந்தால் அது ஃபிமோசிஸ். பலவந்தமாக இழுத்தால் கிழியும். கிழிந்தது ஆறும்போது தழும்பாகி இன்னும் இறுகும். டாக்டர் ஸ்டீராய்டு களிம்பு எழுதித் தருவார். இறுக்கமான வளையத்தில் மெல்லியதாகத் தடவி, வலிக்காமல் இழுத்துவிடும் பயிற்சியை 4 முதல் 8 வாரம் செய்தால் பலருக்கு அறுவை சிகிச்சையே தேவைப்படாது. தோல் வெளுத்துத் தடித்துப்போயிருந்தால் அது வேறு தோல் நோயாக இருக்கலாம், டாக்டர் நேரில் பார்த்தாக வேண்டும். சுன்னத் செய்ய வேண்டி வந்தாலும் பயப்பட ஏதுமில்லை, பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம்.

4. அரிப்பு, சிவப்பு, வெடிப்பு வந்தால் சுகர் பாருங்கள்

சிறுநீரில் சர்க்கரை போனால் முன்தோலுக்கு அடியில் பூஞ்சைக்கு விருந்து. அதனால்தான் திரும்பத் திரும்ப வரும். சுகருக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் அந்த மாத்திரைகள் வேலை செய்வதே சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றித்தான். சிறுநீர் கழித்ததும் ஒரு மக் தண்ணீரில் கழுவி ஒற்றிவிடுங்கள். தொல்லை வந்தால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பூஞ்சைக்கு குளோட்ரிமசோல் 1% களிம்பு வழக்கமான மருந்து. ஆனால் கடையில் கேட்டால் கிடைப்பது பல சமயம் ஸ்டீராய்டும் கலந்த கலவை. அது அரிப்பை அடக்கும், பூஞ்சையை வளர்க்கும். என் மூன்று டியூப்பும் அதுதான். மனைவிக்கும் அரிப்பு இருந்தால் இருவருமே சிகிச்சை எடுக்க வேண்டும்.

5. டாக்டரிடம் நேராகச் சொல்லுங்கள்

அரசு மருத்துவமனையில் தோல் மற்றும் பால்வினை நோய்ப் பிரிவிலோ, யூராலஜி (சிறுநீர்ப்பாதை) பிரிவிலோ காட்டலாம். "அந்த இடத்துல ஒரு மாதிரி இருக்கு" என்று நான் இழுத்ததில் டாக்டர் நாலு கேள்வி கேட்க வேண்டியதாயிற்று. "முன்தோல் வெடிக்குது, மூணு மாசமா, இந்த டியூப் போட்டேன்" என்று சொன்னால் போதும். காலி டியூப்பையும் எடுத்துப் போங்கள்.

ஆறாத புண், தொட்டால் தட்டுப்படும் கட்டி, முன்தோலுக்கு அடியிலிருந்து ரத்தமோ நாற்றமுள்ள நீரோ வருவது, இதில் எது இருந்தாலும், வலியே இல்லாவிட்டாலும், இந்த வாரமே போங்கள். அது புற்றுநோயாகவும் இருக்கலாம். சீக்கிரம் பிடித்தால் உறுப்பைக் காப்பாற்றவே வாய்ப்பு அதிகம்.