டாட் புரோப் மதிப்பெண்ணை நம்பலாமா? எக்செல்லில் நீங்களே பார்க்கலாம்

காரைக்குடியில் உளவியல் முதுகலை படிக்கும் என் அக்கா மகள் போன மாதம் மடிக்கணினியும் கையுமாக வந்தாள். "சித்தி, பதற்றத்துக்கும் கவனச் சாய்வுக்கும் தொடர்பே வரல. எங்க தப்புன்னு தெரியல." 40 பேரைக் கானாடுகாத்தானில் தோழி வீட்டு இரண்டாம் கட்டில் உட்காரவைத்து, டாட் புரோப் என்ற கணினிச் சோதனையில் தரவு எடுத்திருந்தாள். அச்சமூட்டும் விஷயத்தின் பக்கம் கவனம் எவ்வளவு இழுபடுகிறது என்பதே அதில் பார்க்கும் கவனச் சாய்வு. ஒரு சுற்றில் எதிர்வினை நேரம் 4,812 மில்லிசெகண்ட். கேட்டால், அந்த நேரம் பார்த்து வீட்டு ஆச்சி பணியாரத் தட்டோடு வந்து நின்றாராம்.

அவளுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

படி 1: சோதனை எதை அளக்கிறது?

டாட் புரோப் 1986இல் மெக்லாவுட், மாத்யூஸ், டாட்டா மூவரும் கொண்டுவந்த முறை. திரையில் அச்சமூட்டும் சொல் ஒன்று, சாதாரணச் சொல் ஒன்று, பெரும்பாலும் 500 மில்லிசெகண்ட். இரண்டும் மறைந்ததும் ஒன்றின் இடத்தில் புள்ளி வரும். உடனே பொத்தானை அமுக்க வேண்டும். சாதாரணச் சொல் இருந்த இடத்தில் புள்ளி வந்தபோது ஆன சராசரி நேரத்திலிருந்து, அச்சச் சொல் இருந்த இடத்தில் வந்தபோது ஆன நேரத்தைக் கழித்தால் கிடைப்பதே சாய்வு மதிப்பெண். அது பூஜ்யத்துக்கு மேலே என்றால் கவனம் அச்சச் சொல்லை நோக்கிச் சாய்கிறது, கீழே என்றால் விலகுகிறது.

படி 2: தரவைச் சுத்தம் செய்யுங்கள்

தவறான விடைகளை எடுத்துவிடுங்கள். 200 மில்லிசெகண்டுக்குக் கீழே இருப்பது பெரும்பாலும் புள்ளியைப் பார்க்காமலே அமுக்கியது. மேல் வரம்பைத் தரவைப் பார்க்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். பிடித்த விடை வரும்வரை வரம்பை மாற்றிக்கொண்டே போவது ஏமாற்று வேலை.

படி 3: பாதியாகப் பிரியுங்கள்

ஒவ்வொருவரின் சுற்றுகளையும், இரண்டு வகையிலும் (புள்ளி அச்சச் சொல் இடத்தில் வந்தவை, சாதாரணச் சொல் இடத்தில் வந்தவை) தனித்தனியே, ஒற்றைப்படை இரட்டைப்படையாகப் பிரித்து, பாதிக்கொரு சாய்வு மதிப்பெண் போடுங்கள். அவள் தரவில் ஒரு பெண்ணின் மொத்தச் சாய்வு 12. பாதிகளில் பார்த்தால் ஒன்றில் 31, இன்னொன்றில் −7. ஒரே ஆள், ஒரே உட்காரல்! அச்சச் சொல்லை நோக்கிச் சாய்கிறாளா, விலகுகிறாளா என்பதே தெரியவில்லை.

படி 4: தொடர்புக் கெழு

எல்லோருடைய இரண்டு பாதிகளுக்கும் எக்செல்லில் தொடர்புக் கெழு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று காட்டும் எண்) பாருங்கள். பாதிச் சோதனைக்குரிய அந்த எண்ணை முழுச் சோதனைக்கு உயர்த்த ஸ்பியர்மேன்-பிரவுன் சூத்திரம்: கெழுவின் இரு மடங்கை, ஒன்றோடு கெழுவைக் கூட்டி வருவதால் வகுக்க வேண்டும். கெழு 0.15 என்றால் 0.30 ÷ 1.15 = 0.26. இதுதான் நம்பகத்தன்மை, அதாவது மறுபடி அளந்தாலும் ஆட்களின் வரிசை அப்படியே வருமா என்று காட்டும் எண். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருள் தெரிந்தால் ஆயிரக்கணக்கான முறை தற்செயலாகப் பிரித்துச் சராசரி எடுங்கள், அதுதான் மேல்.

படி 5: இதே கணக்கை வெறும் எதிர்வினை நேரத்துக்கும் போடுங்கள்

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். நேரத்தின் நம்பகத்தன்மை பிரமாதமாக வரும், வித்தியாசத்துக்கு வராது. ஆத்தங்குடிக் கல் ஏற்றிய லாரியை எடைமேடையில் நிறுத்துகிறோம். ஒரே ஒரு கல்லை இறக்கிவிட்டு மறுபடி நிறுத்தி, வித்தியாசம்தான் கல்லின் எடை என்றால் ஒப்புக்கொள்வீர்களா? லாரிக்கு மேடை சரியாகத்தான் காட்டும். ஆனால் பத்து கிலோ முன்னே பின்னே காட்டினாலே கல் அதற்குள் காணாமல் போய்விடும்.

எண்ணாகச் சொன்னால், இரண்டு வகை நேரங்களின் நம்பகத்தன்மையும் 0.90, அவற்றுக்குள் தொடர்பு 0.85, பரவலும் சமம் என்று வையுங்கள். வித்தியாசத்தின் நம்பகத்தன்மை (0.90 − 0.85) ÷ (1 − 0.85), அதாவது 0.33. வேகமானவர் இரண்டிலும் வேகம், நிதானமானவர் இரண்டிலும் நிதானம். கழித்ததும் அந்த நிலையான பங்கு போய், பெரும்பாலும் இரைச்சல், அதாவது தற்செயலான ஏற்ற இறக்கம் மிஞ்சுகிறது.

இது அவள் செய்த தப்பு இல்லை. டாட் புரோப் நம்பத்தகாதது என்று 2005இலேயே ஷ்முக்லே என்ற ஆய்வாளர் எழுதிவிட்டார். ஸ்ட்ரூப் (சொல்லைப் படிக்காமல் அது எழுதப்பட்ட நிறத்தைச் சொல்ல வேண்டிய சோதனை) போல குழுச் சராசரியில் தவறாமல் விளைவு காட்டும் சோதனைகளும் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டை அளப்பதில் தடுமாறும் என்று 2018இல் ஹெட்ஜும் சகாக்களும் காட்டினார்கள். எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்துகொண்டால் சராசரி பளிச்சென்று தெரியும், ஆட்களை வரிசைப்படுத்தத்தான் முடியாது.

சரி, அவள் கேள்விக்கு வருவோம். சாய்வின் நம்பகத்தன்மை 0.26, பதற்ற வினாப்பட்டியலுக்கு 0.85 என்றால் இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள்: 0.47. உண்மையில் தொடர்பு 0.30 இருந்தாலும், அதை இந்த 0.47ஆல் பெருக்கினால், கையில் அகப்படுவது சுமார் 0.14. நாற்பது பேரை வைத்துக்கொண்டு அதைப் பிடிக்க முடியாது.

சுற்றுகளைக் கூட்டினால் கொஞ்சம் ஏறும், ஆனால் ஆள் சலித்துப்போவார். ஆய்வேட்டில் "தொடர்பு இல்லை" என்பதை அடித்துவிட்டு, முதலில் நம்பகத்தன்மை எண்ணை எழுதச் சொன்னேன். விலக்கிய சுற்றுகளின் எண்ணிக்கையையும்தான், ஆச்சி வந்த சுற்று உட்பட.