டேட்டிங் ப்ரொஃபைலில் ஜிம் படம்: எங்கே சறுக்குகிறது?

உடற்பயிற்சி செய்பவர் அதை ப்ரொஃபைலில் காட்டுவதில் ஒரு தப்பும் இல்லை. விடியற்காலையில் எழுந்து ஜிம்முக்குப் போகிறவர் ராத்திரி சீக்கிரம் படுத்துவிடுவார், லேட் நைட் சினிமாவுக்குக் கூப்பிட்டால் தயங்குவார். பழகப் போகிறவருக்கு இதெல்லாம் முன்கூட்டியே தெரிவது நல்லதுதான். ஆனால் பெரும்பாலான ஜிம் படங்கள் இதில் எதையும் சொல்வதில்லை, உடம்பை மட்டும் காட்டிவிட்டு நின்றுவிடுகின்றன.

முதல் தவறு எண்ணிக்கையில். டேட்டிங் ஆப்களில் ஹிஞ்சில் ஆறு படம், டிண்டரில் ஒன்பது வரை போடலாம். ஆறில் நாலு ஜிம் படமாக இருந்தால் இவர் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வார், நண்பர்களோடு எப்படி இருப்பார் என்று எதுவும் பிடிபடாது. ஒரு படம் போதும். அதையும் முதல் படமாக வைக்க வேண்டாம். கண்ணாடி முன் எடுத்த செல்ஃபியில் பாதி முகத்தை போனே மறைத்துவிடுகிறது. முதல் பார்வையில் முகம் தெளிவாகத் தெரிய வேண்டும்.

சட்டையில்லாமல் கண்ணாடி முன் எடுக்கும் செல்ஃபியை பம்பிள் என்ற டேட்டிங் ஆப் 2016-லேயே தடை செய்துவிட்டது. கடற்கரை, நீச்சல் குளம் என்றால் பரவாயில்லை என்கிறது. நியாயமான விதி. அங்கே சட்டையில்லாமல் இருப்பது இயல்பு. குளியலறைக் கண்ணாடி முன் அப்படி நிற்பது படத்துக்காகவே நிற்பது.

அடுத்தது, அதிகம் பேர் யோசிக்காத விஷயம். எடை தூக்கி முடித்த கையோடு படம் எடுப்பார்கள். அந்த நேரத்தில் தசைக்குள் ரத்தம் பாய்ந்து தோளும் கையும் உப்பியிருக்கும். ஜிம்காரர்கள் 'பம்ப்' என்பது இதைத்தான். கொஞ்ச நேரத்தில் வடிந்துவிடும். கூரை விளக்கு மேலிருந்து விழுவதால் தசைகளுக்கு இடையே நிழல் கட்டும். போன் கேமராவோ பக்கத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும், லென்ஸை நோக்கி முழங்கையை மடக்கினால் பைசெப்ஸ் தலையளவுக்குத் தெரியும். இவை மூன்றும் சேர்ந்தால் ஃபில்டர் எதுவும் போடாமலேயே வேறொரு ஆள் உருவாகிவிடுவார். காபி ஷாப்பில் சாதாரணச் சட்டையோடு நேரில் உட்காரும்போது எதிரில் இருப்பவர் அந்த வித்தியாசத்தைக் கவனிப்பார். உயரம், வேலை என்று நீங்கள் எழுதிய மற்றதையும் சந்தேகப்படத் தொடங்குவார். எடிட்டிங் ஆப்பில் இடுப்பைக் குறுக்கினால் இன்னும் மோசம். பின்னால் இருக்கும் டம்பெல் ரேக்கின் நேர்க்கம்பி வளைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

பின்னணியில் இருக்கும் மனிதர்களைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். 2016-ல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு மாடல், ஜிம்மின் உடைமாற்றும் அறையில் 70 வயதுப் பெண்ணை அவருக்குத் தெரியாமல் படமெடுத்து, கேலி செய்து இணையத்தில் போட்டார். அடுத்த ஆண்டு நீதிமன்றம் அந்த மாடலுக்கு 30 நாள் சமூகப் பணியும் மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் விதித்தது. உங்களுக்குக் கேலி செய்யும் எண்ணம் துளியும் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் பின்னால் டிரெட்மில்லில் ஓடும் அக்கா உங்கள் டேட்டிங் ப்ரொஃபைலில் இடம்பெறச் சம்மதிக்கவில்லை. நம் ஊரில் எத்தனையோ பெண்கள் கூச்சத்தைத் தாண்டித்தான் ஜிம்முக்குள் நுழைகிறார்கள். படத்தில் அவர்கள் இருக்கும் பகுதியை வெட்டிவிட்டுப் போடுங்கள்.

அப்புறம் உங்கள் பாதுகாப்பு. சுவரில் ஜிம் பெயர், டீ-ஷர்ட்டில் கிளையின் பெயர், கூடவே 'தினமும் காலை ஆறு மணி' என்று ஒரு வரி: முன்பின் தெரியாதவர் உங்களை எங்கே, எப்போது பார்க்கலாம் என்று நீங்களே சொன்னதாகிவிடும். பெண்கள் இதில் கூடுதல் கவனமாக இருப்பது நல்லது. மாரத்தான் படத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. மார்பில் குத்தியிருக்கும் பந்தய எண்ணை முடிவுகள் பக்கத்தில் தட்டினால் பல ஓட்டங்களில் முழுப் பெயரே வந்துவிடும். எண்ணை மறைத்துவிடுங்கள். இன்ஸ்டாகிராமில் பொதுவில் இருக்கும் அதே படத்தை இங்கேயும் போடாதீர்கள். படத்தை வைத்துத் தேடினால் கணக்கு வரைக்கும் போய்விடலாம்.

சரி, எதைத்தான் போடுவது? நீங்கள் எதையாவது செய்துகொண்டிருக்கும்போது வேறொருவர் எடுத்த படம். ஷட்டிலை அடிக்க எம்பும்போது, சிலம்பம் சுற்றும்போது, ஓட்டம் முடிந்து வியர்வையோடு பதக்கத்தைப் பிடித்துச் சிரிக்கும்போது. படத்துக்குக் கீழே எழுதும் வரியும் முக்கியம். 'ஃபிட்னெஸ்தான் என் உயிர்' என்பதற்கு யாரும் பதில் எழுத முடியாது. 'சோம்பேறிகள் ஒதுங்கவும்' என்பது நல்லவர்களையும் விரட்டிவிடும். 'ஞாயிறு ஓட்டம் முடிந்ததும் பொங்கல் வடை சாப்பிடாமல் வீடு திரும்ப மாட்டேன்' என்று எழுதிப் பாருங்கள். ஓட்டமே பிடிக்காதவரும் எந்தக் கடை என்று கேட்பார்.