ஊருக்கு யுஎஸ்டிடி அனுப்புபவர்களுக்கு: ரூபாயாக மாற்றும் இடத்தில்தான் கவனம் வேண்டும்

சிங்கப்பூரில் துவாஸ் கப்பல் பட்டறையில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். வீடு மன்னார்குடி பக்கம். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் வரிசையில் நின்று ஊருக்குப் பணம் போடுவோம். இப்போது டார்மிட்டரியில் படுத்தபடியே போனில் அனுப்பிவிடுகிறோம். கிரிப்டோவில் அனுப்புவது எப்படி என்று என் அறைத் தம்பிகள் கேட்டுக்கொண்டே இருப்பதால், நான் செய்து பார்த்த முறையை எழுதுகிறேன்.

பிட்காயின் வேண்டாம். ஊரில் போய்ச் சேர்ந்து விற்பதற்குள் விலை இறங்கிவிட்டால் வீட்டுச் செலவில் துண்டு விழும். யுஎஸ்டிடி என்பது டாலர் விலையோடு கட்டிவைத்த கிரிப்டோ காயின்; அது ஒன்று ஏறக்குறைய ஒரு அமெரிக்க டாலர் மதிப்பிலேயே நிற்கும். சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் உரிமம் பெற்ற நிறுவனத்தில் கணக்குத் திறங்கள். வொர்க் பர்மிட்டை ஏற்றுக்கொள்வார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பேநவ் (சிங்கப்பூர் வங்கிகளின் உடனடிப் பணம் அனுப்பும் சேவை) வழியாகச் சிங்கப்பூர் வெள்ளியைப் போட்டு யுஎஸ்டிடி வாங்கலாம்.

ஊரில் வாங்கிக்கொள்பவருக்கும் ஒரு கணக்கு வேண்டும். அது மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்த எக்ஸ்சேஞ்சாக, அதாவது கிரிப்டோ வாங்கி விற்கும் நிறுவனமாக இருக்கட்டும். பான் கார்டு, ஆதார், வங்கிக் கணக்கு மூன்றும் அவர் பெயரிலேயே இருக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் யுஎஸ்டிடியை ஏற்கிறார்களா, எந்த நெட்வொர்க்கில் (காயின் போய்ச் சேரும் பாதை) ஏற்கிறார்கள் என்பதைக் கேட்காமல் ஒரு வெள்ளிகூட அனுப்பாதீர்கள். நான் அனுப்பியது டிஆர்சி-20 எனப்படும் டிரான் நெட்வொர்க்கில். அதில் காயின் போய்ச் சேர வேண்டிய முகவரி ஆங்கில 'டி' எழுத்தில் தொடங்கும், மொத்தம் 34 எழுத்துகள். நெட்வொர்க் மாறிப்போனால் பணம் திரும்பி வருவது கஷ்டம்.

ஒவ்வொரு முறையும் முகவரியை மனைவியின் ஆப்பிலிருந்து புதிதாக வாங்குவேன். பழைய பரிவர்த்தனைப் பட்டியலிலிருந்து காப்பி எடுக்கவே மாட்டேன். முதல் சில எழுத்துகளும் கடைசிச் சில எழுத்துகளும் நம் முகவரி போலவே இருக்கும்படி ஒரு போலி முகவரியை உருவாக்கி, அதிலிருந்து சில்லறைத் தொகை அனுப்பி, நம் பட்டியலில் அதை உட்கார வைக்கிற மோசடி நடக்கிறது. அதனால் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு, அவர் ஒவ்வொரு எழுத்தாக வாசிக்க, நான் சரிபார்ப்பேன். பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்பதும் முக்கியம். முதலில் பத்து யுஎஸ்டிடி மட்டும் அனுப்பி, அதை அங்கே விற்று, ரூபாய் வங்கிக்கு வந்து சேர்ந்த பிறகுதான் மீதியை அனுப்பினேன்.

இதுவரை சொன்னதில் கவனம் இருந்தால் போதும். ஆபத்து இதற்குப் பிறகுதான். யுஎஸ்டிடியை எக்ஸ்சேஞ்சில் விற்காமல் 'பி2பி' என்று முகம் தெரியாத ஆளிடம் விற்றால் ரேட் கூடக் கிடைக்கும். என் மச்சினன் 2023-இல் அப்படித்தான் 500 யுஎஸ்டிடி விற்றான். யுபிஐயில் உடனே பணம் வந்தது. மூன்றாவது வாரம் கணக்கை முடக்கிவிட்டார்கள். வாங்கியவன் அனுப்பிய பணம் வேறு மாநிலத்தில் யாரையோ ஏமாற்றிப் பறித்த பணமாம். அங்கே சைபர் கிரைமில் புகார் பதிவாகியிருந்தது. குற்றம் செய்யாதவன் நான்கு மாதம் அலைந்தான். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணப் பணமும் அந்தக் கணக்கில்தான் இருந்தது. அவன் மனைவி அழுத அழுகையை நான் இங்கிருந்து போனில் கேட்டேன். தயவுசெய்து பி2பி வேண்டாம். குடும்பத்தின் முதன்மைக் கணக்கைக் கிரிப்டோவோடு இணைக்கவும் வேண்டாம். இதற்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வரி. இந்தியாவில் விற்கும்போது 1 சதவீதம் டிடிஎஸ் (பணம் கைக்கு வருமுன்பே பிடிக்கும் வரி) பிடிப்பார்கள். 40,000 ரூபாய்க்கு 400 ரூபாய். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால்தான் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். லாபம் இருந்தால் அதற்கு 30 சதவீத வரி. ஒரு காயினில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. வாங்கிய ரசீது, அனுப்பிய பதிவு, விற்ற பதிவு மூன்றையும் தேதி போட்டு வைத்திருங்கள்.

விற்ற பணத்தை அன்றைக்கே வங்கிக்கு மாற்றிவிடுங்கள். 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் திருடுபோயின. அதில் காயின் வைத்திருந்தவர்கள் ஒரு வருடத்துக்கும் மேல் அதை எடுக்க முடியாமல் தவித்தார்கள்.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். இப்படி வந்த ரூபாய் வெளிநாட்டிலிருந்து வந்ததாக வங்கிப் பதிவில் இருக்காது. நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போதோ இடம் வாங்கும்போதோ இந்தப் பணம் ஏது என்று கேட்டால் நீங்கள்தான் விளக்க வேண்டும்.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு 2023 பிப்ரவரியிலிருந்து பேநவ்-யுபிஐ இணைப்பு இருக்கிறது. இரண்டு பக்கமும் உங்கள் வங்கி அதில் சேர்ந்திருந்தால் சில நொடிகளில் பணம் போய்விடும். மாதச் செலவுக்கு நான் அனுப்புவது அதில்தான். கிரிப்டோவில் இறங்குவதற்கு முன் ஒரு தாளில் இரண்டு வழிக்கும் கணக்குப் போடுங்கள்: வாங்கும் கட்டணம், நெட்வொர்க் கட்டணம், விற்கும் கட்டணம், டிடிஎஸ், கடைசியில் மனைவி கையில் எத்தனை ரூபாய். 700 வெள்ளிக்கு நான் அப்படிப் போட்டுப் பார்த்த தாள் இன்னும் என் அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது. புதிதாகக் கேட்டு வருகிற தம்பிகளிடம் முதலில் அதைத்தான் காட்டுகிறேன்.