அறிவியல் நோட்டுக்கு ஒரு முதல் பக்கம்

ஜூன் மாதம் பள்ளி திறந்துவிட்டால் வீட்டு ஹால் முழுக்க பிரவுன் ஷீட்டும் லேபிளும்தான். வெளி அட்டையில் பிள்ளைகள் கைவரிசையைக் காட்ட முடியாது. பிரவுன் அட்டை, மேலே லேபிள், அதோடு சரி. லேபிளை மட்டும் பால்பாயின்ட் பேனாவில் எழுதுங்கள். ஜெல் பேனாவில் எழுதினால், பையில் தண்ணீர் பாட்டில் ஒழுகும் அன்றைக்கே பெயர் கரைந்துவிடும். பிள்ளைகளுக்கென்று மிஞ்சுவது அட்டைக்கு உள்ளே இருக்கும் முதல் பக்கம்தான்.

என் அக்கா மகள் இந்த வருஷம் ஆறாம் வகுப்பு. நோட்டைக் கையில் கொடுத்ததுமே, “சித்தி, மைக்ராஸ்கோப் வரையவா, ராக்கெட் வரையவா?” என்பாள். இரண்டும் அப்புறம். படத்தை முதலில் வரைந்தால் அது பக்கத்தையே விழுங்கிவிடும். மிச்ச இடத்தில் ‘அறிவிய’ வரைக்கும் எழுதி, ‘ல்’ மட்டும் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு நிற்கும். தலைப்பு எழுத்து நன்றாக அமைந்துவிட்டால் பாதி அலங்காரம் முடிந்த மாதிரி.

பக்கத்தை ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். எங்கள் நோட்டு 17 செ.மீ. அகலம். இரண்டு ஓரமும் ஒன்றரை செ.மீ. விட்டால் 14 கிடைக்கும். ‘அறிவியல்’ ஐந்து எழுத்துதானே என்று ஐந்து சமக் கட்டம் போட்டுவிடாதீர்கள், நம் எழுத்துகள் ஒரே அகலம் இல்லை. அ, றி இரண்டுக்கும் மும்மூன்று செ.மீ., வி-க்கு இரண்டரை, ய-வுக்கும் ல்-லுக்கும் இவ்விரண்டு. ஆக 12.5. நடுவில் நான்கு இடைவெளி, தலா 3 மி.மீ. சேர்த்தால் 13.7. சரியாக உட்காரும்.

உயரத்துக்கு நான்கு கோடுகள், பென்சிலில் லேசாக. நடுப்பட்டை 3 செ.மீ., எழுத்தின் உடம்பு அதில். மேலே ஒன்றரை செ.மீ. விடுங்கள், றி, வி இரண்டின் சுழியும் ல்-லின் புள்ளியும் அங்கேதான் வரும். கீழே 1 செ.மீ., ற-வின் கால் இறங்க. ஆங்கிலப் பெரிய எழுத்துகளை வைத்துச் சொல்லித்தரும் வீடியோக்களில் இரண்டே கோடுதான் போடுவார்கள். அதை அப்படியே பின்பற்றினால் புள்ளி வைக்க இடம் இருக்காது. ‘சமூக அறிவியல்’ என்றால் இரண்டு வரி. மேல்வரி மூ-வின் வாலும் கீழ்வரிச் சுழிகளும் முட்டிக்கொள்ளாமல் நடுவில் கூடுதலாக இடம் விட வேண்டும்.

முதலில் ஒற்றைக் கோட்டில், ஒவ்வொரு எழுத்துக்கும் ஒதுக்கிய இடத்தின் ஓரங்களில் இருந்து 2 மி.மீ. உள்ளே தள்ளி எழுதுங்கள். பிறகு அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் 2 மி.மீ. தள்ளி வெளிக்கோடு. அதைவிடத் தடிமன் வேண்டாம், அ-வின் சுழி அடைத்துக்கொள்ளும். வெளிக்கோட்டின் மேல் கறுப்பு ஜெல் பேனா. வலக்கைக்காரர்கள் இடமிருந்து வலமாகப் போனால் கை மையில் படாது. இடக்கைப் பிள்ளைகள் ல்-லில் ஆரம்பித்துப் பின்னோக்கி வரட்டும். மை நன்றாகக் காய்ந்த பிறகே ரப்பர். நடுவில் இருந்த ஒற்றைக் கோட்டையும் நான்கு கோடுகளையும் அழித்தபின் கலர்.

ஸ்கெட்ச் பேனா வேண்டாம். நோட்டுத் தாள் மெல்லிசு, மறுபக்கம் ஊறிவிடும். கலர் பென்சில் போதும். ஒரே நீலத்தை மேலே லேசாகவும் கீழே அழுத்தியும் தேய்த்தாலே எழுத்து எழும்பி நிற்கும். மொத்தமே இரண்டு நிறம், கூட ஒரு கறுப்பு. பன்னிரண்டு பென்சிலையும் இறக்கினால் திருவிழாக் கடை. ஸ்கெட்ச் பேனாதான் வேண்டும் என்று அடம் பிடித்தால், சார்ட் துண்டில் வரைந்து ஒட்டுங்கள். பெவிகாலை நாலு ஓரத்திலும் மெல்லிசாகத் தடவினால் போதும், அப்பினால் பக்கம் சுருங்கிவிடும்.

இப்போது படம். மைக்ராஸ்கோப் எல்லா நோட்டிலும் இருக்கிறது. புத்தகத்தைப் புரட்டி, இந்த வருஷம் வரும் பாடத்தில் இருந்து ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். தமிழ்நாடு அரசுப் பாடநூலில் ஆறாம் வகுப்பு அறிவியல் ‘அளவீடுக’ளில் தொடங்குகிறது. அதனால் தலைப்புக்குக் கீழே பார்டராக ஒரு ஸ்கேலையே வரைய வைத்தேன். 0 முதல் 14 வரை, உண்மையான அளவில், ஒவ்வொரு மில்லிமீட்டர் கோட்டோடும். ஐந்தாவது கோடு கொஞ்சம் நீளம், பத்தாவது இன்னும் நீளம். ஸ்கேல்மேல் ஒரு பென்சில், அதன் நுனிக்கு நேர் மேலே ஒரு கண், இரண்டு பக்கமும் சாய்வாக ஒவ்வொரு கண். சாய்வாகப் பார்த்தால் அளவு மாறித் தெரியும் இடமாறு தோற்றப் பிழை பாடமும் வந்தாயிற்று, படமும் ஆயிற்று.

கணக்கு நோட்டுக்கு நாலு ஓரமும் சிக்குக்கோலம். புள்ளிகளை 1 செ.மீ. இடைவெளியில் அளந்து வைத்தால் பிசகாது. சமூக அறிவியலுக்குச் சிந்துவெளி முத்திரை. அந்த முத்திரைகள் பெரும்பாலும் இரண்டு மூன்று செ.மீ. சதுரம்தான், எனவே அதே அளவில் வரையலாம். தமிழ் நோட்டுக்கு எனக்குப் பிடித்தது பானை ஓடு. கீழடியில் கிடைத்த ஓடுகளில் ‘ஆதன்’ என்று தமிழி என்னும் பழைய தமிழ் எழுத்தில் பெயர் கீறியிருக்கிறது. பிள்ளையும் தன் பெயரைத் தமிழியில் எழுதிப் பார்க்கட்டும். ஆனால் வழக்கமான எழுத்திலும் கீழே இருக்கட்டும், நோட்டு திருத்தும் டீச்சர் யாருடையது என்று தேடக் கூடாது.

பெயர், வகுப்பு, பிரிவு, பள்ளி எல்லாம் கீழே வலது மூலையில், பால்பாயின்ட்டில், சாதாரண அளவில்.

அடுத்த பக்கம் பொருளடக்கம். வரிசை எண், தேதி, தலைப்பு, பக்கம், ஆசிரியர் கையொப்பம் என்று கோடு போடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கே பூவும் பட்டாம்பூச்சியும் வரைந்தால் டீச்சருக்குக் கையெழுத்துப் போட இடம் இருக்காது.