முதல் சடை சொதப்பிவிட்டதா? பிரித்துவிட்டு இயல்பாக மறுபடி வளர்ப்பது எப்படி

முடியைச் சிக்காக்கி இறுகவிடும் ட்ரெட்லாக்ஸ் சடை போட்டு ஆறே மாதத்தில் வெறுத்துப்போனவர்களின் தலையைத் தொட்டுப் பார்த்தால் நான்கு கோளாறுகளில் ஒன்றாவது கையில் தட்டுப்படும். சடை நிற்கப் பூசி, கழுவினாலும் போகாத மெழுகு, சடையை இறுக்கப் போட்ட குரோஷே ஊசி (கொக்கி ஊசி) இழுத்து அறுத்த முடி, வேரில் நூலாக மெலிந்துபோன சடை, உள்ளே காயாமல் தங்கிய ஈரம். நான்கிலும் மூன்று ஒரே அவசரத்தில் வந்தவை: முதல் நாளே நான்கு வருடச் சடை மாதிரித் தெரிய வேண்டும் என்ற அவசரம். இயல்பாக வளர்க்கும் முறையில் சடையை நாம் செய்வதில்லை, அது தானாக விழும். கைவேலை மூன்றுதான்: அலசுவது, காயவிடுவது, ஒன்றோடு ஒன்று ஒட்டும் சடைகளை வேரில் பிரித்துவிடுவது. சாமியார்களின் சடாமுடியும் சீப்பு படாத தலையில் தானாக விழுந்ததுதான்.

முதலில் எது தேறும் என்று பாருங்கள்

எல்லாவற்றையும் பிரிக்க வேண்டிய அவசியம் இல்லாமலும் இருக்கலாம். சீப்பால் எதிர்த்திசையில் வாரிச் சுருட்டிய சடையில் மெழுகு போடவில்லை என்றால், பராமரிப்பு என்ற பெயரில் செய்ததை எல்லாம் நிறுத்திவிட்டு இரண்டு நாளுக்கு ஒருமுறை ஷாம்பு போட்டு அலசுங்கள். சில வாரங்களில் அது தளர்ந்து, பாதி அவிழ்ந்து, பிறகு தன் போக்கில் இறுக ஆரம்பிக்கும். பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் தேறிவிடும்.

வேர் மெலிந்திருந்தால், சடையை மேலே தூக்கி மண்டையோடு ஒட்டிய இடத்தைப் பாருங்கள். தீக்குச்சி கனத்துக்குக் கீழே போயிருந்தால் தனியாகத் தாங்காது. பக்கத்துச் சடையோடு சேர்த்துவிட வேண்டும்.

மெழுகு இருக்கிறதா என்று தெரியவில்லையா? எண்ணெய் வைக்காமல் ஷாம்பு போட்டு அலசி, நன்றாகக் காயவிடுங்கள். பிறகு ஒரு சடையை டிஷ்யூ தாளில் சுற்றி, ஹேர் ட்ரையரின் சூட்டை அரை நிமிடம் காட்டி அழுத்துங்கள். தாளில் பஜ்ஜி வைத்த காகிதம் போலக் கறை ஊறினால் மெழுகுதான்.

வாடைதான் கடைசித் தீர்ப்பு. அலசிக் காயவைத்து ஒரு நாள் கழித்து, சடையை நசுக்கி முகர்ந்து பாருங்கள். நனைந்த சாக்கு நாற்றம் வந்தால் நடுவில் பூஞ்சை பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். நன்றாக அலசி, முழுசாகக் காயவைத்து இன்னொரு முறை பாருங்கள். அப்போதும் வந்தால் அந்தச் சடையை வெட்டிவிடுங்கள், அதைக் காப்பாற்ற மெனக்கெட வேண்டாம்.

மெழுகு ஏன் வெந்நீரில் போகாது

தேன்மெழுகு உருகுவது 62 முதல் 64 டிகிரி செல்சியஸில். தலை தாங்கும் வெந்நீர் 45 டிகிரியைத் தாண்டாது. ஆகவே எத்தனை வாளி ஊற்றினாலும் மேல்பூச்சு கொஞ்சம் இளகும், உள்ளே இருப்பது அசையாது. மெழுகை எண்ணெயால்தான் கரைக்க முடியும். வெதுவெதுப்பான தேங்காயெண்ணெயைச் சடை முழுக்க ஊறும்படி தடவி, 20 நிமிடம் விட்டு, டிஷ்யூவால் பிழிந்து எடுங்கள். பிறகு பாத்திரம் தேய்க்கும் திரவ சோப்பு ஒரு டீஸ்பூன் எடுத்துத் தண்ணீரில் கலந்து அலசுங்கள். தலையில் புண் இருந்தால் அந்தச் சோப்பு வேண்டாம். இப்படி மூன்று சுற்றாவது தேவைப்படும். அதற்குள் சடை பாதி அவிழ்ந்திருக்கும் என்பதால், மெழுகுச் சடையைப் பிரித்துவிடுவதே மேல்.

பிரிக்கும் வேலை

வீட்டில் பழைய சிணுக்கோலி இருந்தால் தேடி எடுங்கள். சிக்கெடுக்க அதைவிடத் தோதான கருவி கிடையாது. இல்லாவிட்டால் ஸ்வெட்டர் பின்னும் கம்பி ஊசி, அல்லது உலோக வால் உள்ள சீப்பு. கூடவே அகலப் பல் சீப்பு ஒன்று, மலிவான கண்டிஷனர் அரை லிட்டர்.

சடையை நனைத்து, கண்டிஷனரைப் பிசைந்து பத்து நிமிடம் விடுங்கள். நுனியில் இருந்து 2 செ.மீ. மேலே இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தப் பிடிதான் வேரில் இழுவை போகாமல் தடுக்கும். பிடிக்குக் கீழே ஊசி முனையைக் குத்தி, பக்கவாட்டில் நெம்பி முடிச்சைத் தளர்த்துங்கள். கீழ்நோக்கி இழுத்தால் அறுந்துதான் வரும். நுனி பஞ்சு மாதிரி விரிந்ததும் சீப்பு போட்டு, அடுத்த 2 செ.மீ. மேலே ஏறுங்கள். வேரில் இருந்து ஆரம்பிப்பவர்கள் எல்லாச் சிக்கையும் நுனிக்குத் தள்ளி, கடைசியில் கத்தரிக்கோலைத் தேடுவார்கள்.

ஆறு மாதச் சடை ஒன்றுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். 40 சடை என்றால் குறைந்தது 20 மணி நேர வேலை, ஒரே நாளில் முடியாது. பிரித்த முடியை அன்றன்றைக்குத் தளரப் பின்னிவிடுங்கள், இல்லாவிட்டால் தூங்கி எழும்போது மறுபடி சிக்காகியிருக்கும்.

ஒரு சடையைப் பிரித்து முடித்தால் எலுமிச்சம்பழம் அளவு முடி உருண்டை கையில் வரும். பயப்படாதீர்கள். எல்லோருக்கும் ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்கிறது. சடைக்குள் உதிர்ந்தது கீழே விழ வழியில்லாமல் அங்கேயே தங்கிவிடுகிறது. தலை முழுக்க ஆறு மாதத்துக்கு 9,000 முதல் 18,000 முடி. தலையில் இருப்பதோ சுமார் ஒரு லட்சம். கையில் வந்தது ஏற்கெனவே கொட்டிய முடிதான். ஆனால் வேர்க்குமிழ் இல்லாத குட்டைத் துண்டுகளே அதிகம் வந்தால் அது உதிர்ந்ததல்ல, அறுந்தது.

எல்லாவற்றையும் பிரித்ததும் உடனே புதுச் சடை வளர்க்கத் தாவ வேண்டாம். நுனியை இரண்டு விரல் கடை வெட்டி, மூன்று வாரம் முடியை அப்படியே விட்டு, கண்டிஷனர் போட்டுத் தேற்றுங்கள். தொடங்குவதற்கு முந்தைய இரண்டு அலசலில் மட்டும் வெறும் ஷாம்பு. கண்டிஷனரில் இருக்கும் டைமெத்திகோன் போன்ற சிலிகோன்கள் முடியை வழுக்க வைக்கும். வழுக்கும் முடியில் சிக்கு நிற்காது.

பிரிக்கப் பொறுமை இல்லை, மொட்டை அடித்துவிடலாமா என்றால், தாராளமாக. முடி மாதத்துக்கு ஒன்று முதல் ஒன்றேகால் செ.மீ. வளரும். இயல்புச் சடைக்குக் குறைந்தது 15 செ.மீ. நீளம் வேண்டும், அதாவது குறைந்தது ஒரு வருடக் காத்திருப்பு.

மறுபடி தொடக்கம்

சீப்பை ஒதுக்கிவிட்டு, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அலசுங்கள். அழுக்காக இருந்தால்தான் சடை விழும் என்பது தப்பு. பிசுக்கு முடியை வழுக்கவிடும், சுத்தமான வறண்ட முடிதான் ஒன்றை ஒன்று பற்றும். கண்டிஷனர் கலக்காத, கண்ணாடி போலத் தெளிந்த ஷாம்பு போதும்.

சீயக்காய்த் தூளும் அரப்புத் தூளும் வேண்டாம். உள்ளே போன தூள் வெளியே வராது. பழக்கம் விடாது என்பவர்கள் ஏழெட்டுப் பூந்திக்கொட்டையை விதை நீக்கி அரை லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, துணியில் இரண்டு முறை வடிகட்டி அந்தச் சாற்றை மட்டும் பயன்படுத்தலாம். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும்.

சோப்புக் கட்டி கூடவே கூடாது. போர் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து வெள்ளைக் கசடாகப் படிந்துவிடும். உப்புத்தண்ணீர் வரும் வீடாக இருந்தால் மாதம் ஒருமுறை ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி வினிகர் கலந்து கடைசி அலசலாக ஊற்றுங்கள். ஆப்பசோடாவால் வாராவாரம் கழுவச் சொல்பவர்கள் நிறைய. அது காரம், அதன் பிஎச் 8-க்கு மேல். முடியின் மேல்செதிளைத் திறந்து, நாளடைவில் முடியை நொறுங்க வைக்கும். வினிகரோடு சேர்த்துக் கலந்தால் நுரை பொங்கும், இரண்டின் வேலையும் கெடும்.

எண்ணெய் தேய்க்காமல் இருக்க முடியாதவர்கள் அலசுவதற்கு அரை மணி முன் விரல்நுனியில் நான்கு சொட்டு எடுத்து மண்டையில் மட்டும் தடவலாம். முடி வழுவழு என்று நேராக இருந்தால், அரை லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் கல்லுப்பு கரைத்து, நடுமுடியில் இருந்து நுனி வரை வாரம் இரண்டு தடவை தெளிக்கலாம். வேரில் படவேண்டாம்.

காயவைப்பது

இரண்டாவது முறையும் கெடுப்பது பெரும்பாலும் ஈரம்தான். காலையில் அலசுங்கள், மாலை ஆறு மணிக்கு மேல் அலசாதீர்கள். பூத்துவாலை நூல் உதிர்க்கும், உதிர்ந்த நூல் சடைக்குள் சாம்பல் நிறத்தில் நிரந்தரமாகக் குடியேறும். துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய வேட்டிதான் சரி. ஒவ்வொரு பிடியாகச் சுற்றிப் பிழியுங்கள். ஈரத்தோடு ஹெல்மெட் மாட்டுவது, கொண்டை போடுவது, படுப்பது மூன்றும் கூடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெயில் இருக்காது. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்த பிறகும் சடையை அழுத்தினால் நடுவில் சில்லென்று இருந்தால், ஹேர் ட்ரையரைக் குளிர்காற்றில் வைத்து இருபது நிமிடம் காட்டுங்கள்.

தலையணை விஷயம் ஒன்று. இலவம்பஞ்சு கசியும் பழைய தலையணை என்றால் காலையில் சடை முழுக்கப் பஞ்சுதான். இரட்டை உறை போடுங்கள்.

வேரில் பிரிப்பது

முதல் மூன்று நான்கு வாரம் ஒன்றும் செய்யாதீர்கள். பிறகு முடி பிடிபிடியாகச் சேர்ந்திருக்கும். அலசிய பின், முக்கால் காய்ந்த நிலையில், விரலை மண்டையோடு ஒட்டி நகர்த்துங்கள். இரண்டு பிடிகள் வேரில் ஒட்டியிருந்தால் கைக்கொன்றாகப் பிடித்து, நடுவில் இருக்கும் வலை கிழியும்வரை மெதுவாக விலக்குங்கள். 'பர்ர்' என்று சத்தம் வரும், அது சரிதான். சுள்ளென்று வலித்தால் நிறுத்திவிட்டு அடுத்த அலசலுக்குப் பிறகு பார்க்கலாம்.

எத்தனை பிடி? பிடியை வேரில் முறுக்கினால் பென்சில் கனமாவது இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் ஒவ்வொன்றின் அடியும் மூன்று நான்கு செ.மீ. அகலம் பிடிக்கும், தலை முழுக்க 40 முதல் 60 வரும். அதைவிட மெலிந்தவை பக்கத்துப் பிடியோடு ஒட்டப் பார்த்தால் ஒட்டட்டும். பிரிப்பதை மறந்துபோனால் மூன்று மாதத்தில் பிடரியில் ஒரே பலகையாகிவிடும். தூங்கும்போது அழுந்தும் இடம் என்பதால் முதலில் ஒட்டுவது அங்கேதான்.

மூன்றாம் மாதத்தில் இருந்து ஆறாம் மாதம் வரை தலை காக்கைக்கூடு மாதிரி இருக்கும். வீட்டில் பேச்சு வாங்குவதும், குரோஷே ஊசியைக் கையில் எடுக்கத் தோன்றுவதும் அப்போதுதான். ஊசியை உள்ளே வையுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் வளையங்களும் கோணல்களும் வரும், நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை குறையும். உள்ளே முடி இறுகுவதன் அடையாளம் அது. சுருள் முடிக்கு ஒரு வருடத்தில் கெட்டிப்படும். நேர் முடிக்கு இரண்டு வருடம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பொடுகு வந்தால் சடையைக் குறை சொல்ல வேண்டாம். 2% கீட்டோகோனசோல் ஷாம்புவைத் தண்ணீர் கலந்து, கூர்மூக்குப் பாட்டிலில் ஊற்றி, சடைகளுக்கு நடுவே மண்டையில் படும்படி விட்டு, ஐந்து நிமிடம் கழித்து அலசுங்கள். வாரம் இரண்டு முறை, நான்கு வாரம் வரை. நெற்றியோரம் சிறு கொப்புளமும் வலியும் வந்தால் இறுக்கிக் கட்டியதுதான் காரணமாக இருக்கும், உடனே அவிழ்த்துவிடுங்கள். அப்படியே விட்டால் அந்த ஓரத்தில் முடி திரும்ப முளைக்காமலே போகலாம். சீழ் பிடித்தாலோ வட்டமாக முடி கொட்டினாலோ தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.